புகையை வென்று தரையிடம் தோற்ற கட்டடம்: பிட்ஸ்பர்க்கின் அலெகேனி நீதிமன்றம்

இன்று கிராண்ட் தெருவிலிருந்து அலெகேனி கவுண்டி நீதிமன்றத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர், தமக்குத் தெரியாமலே ஒரு நிலவறைக்குள் நுழைகிறார். வாய்தாவுக்கு வந்தவரோ, சாட்சி சொல்ல வந்தவரோ, ஜூரியாக அழைக்கப்பட்டவரோ, யாராக இருந்தாலும் அதே வழிதான். 1888இல் கட்டடம் திறக்கப்பட்டபோது அந்த மட்டத்தில் மண்தான் இருந்தது. அன்றைய வாசல் இன்று அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது. வாசலை யாரும் தூக்கி வைக்கவில்லை. தெருதான் கீழே இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது. கவுண்டியின் தலைமையூரில் ஒரு நீதிமன்றம், அதன் மேல் ஒரு கோபுரம் அல்லது குவிமாடம் என்பது அங்கே சாதாரணக் காட்சி. அவற்றில் பலவற்றைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதும். பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் நிற்கும் இந்தக் கட்டடத்துக்கு ஒரு பக்கம் போதாது. இதைக் கட்டியவர் ஓர் எதிரியைக் கணக்கில் வைத்துக் கட்டினார். அந்த எதிரி புகை. கல்லைத் தேர்ந்தெடுத்தது முதல் கோபுரத்துக்கு வேலை கொடுத்தது வரை அந்தக் கணக்கின் தடம் தெரிகிறது. புகை போட்ட வழக்கில் கட்டடம் ஜெயித்தது. அவர் எதிரி என்றே நினைக்காத ஒன்று, காலடி மண், பின்னால் வந்து காலை வாரியது.

கட்டடம் நிற்கும் இடத்துக்கு கிராண்ட் குன்று என்று பெயர். ஜேம்ஸ் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் படைத்தளபதி 1758 செப்டம்பரில் இங்கே பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு நின்ற பூர்வகுடிகளிடமும் படுதோல்வி அடைந்தார். தோற்றவர் பெயரிலேயே குன்றும் தெருவும் நிலைத்துவிட்டன. 1788இல் அலெகேனி கவுண்டி உருவாயிற்று. முதல் நீதிமன்றம் கீழே சந்தைச் சதுக்கத்தில் இருந்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குன்றின் மேல் ஏறியது இரண்டாவது நீதிமன்றம். ஜான் சிஸ்லெட் வரைந்த திட்டப்படி 1836இல் தொடங்கி 1840களின் தொடக்கத்தில் முடிந்தது. கிரேக்கக் கோவிலைப் போலப் பருத்த தூண்கள், மேலே குவிமாடம், மழமழவென்று இழைத்த மணற்கல் என்று அந்தக் காலத்து நாகரிகத்துக்குக் குறைவில்லாத கட்டடம்.

அந்த மணற்கல்தான் இந்தக் கதையின் முதல் சாட்சி. பிட்ஸ்பர்க்கைச் சுற்றி நிலக்கரி கொட்டிக்கிடந்தது. இரும்பாலையும் கண்ணாடித் தொழிற்சாலையும் வீட்டு அடுப்பும் அதைத்தான் எரித்தன. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். மணற்கல்லில் மணலைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருள் அமிலத்துக்கு இளகினால், கல்லின் முகம் ஏடு ஏடாகக் கழன்று விழும். சிஸ்லெட்டின் கட்டடத்துக்கு அதுவே நேர்ந்தது. முகப்புத் தூண்களில் இழைத்த மேற்பரப்பு உரிந்தது. கூரையோரத்து விளிம்புக் கற்கள் சில பெயர்ந்து விழுந்தன. வயது ஐம்பது ஆவதற்குள் கட்டடம் கிழடு தட்டிவிட்டது. 1882 மே 7ஆம் தேதி தீப்பிடித்து எரிந்தபோது, தீ முடித்து வைத்தது புகை பாதி செய்திருந்த வேலையை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு கவுண்டி ஆணையர்கள் ஐந்து கட்டடக் கலைஞர்களைப் போட்டிக்கு அழைத்தார்கள். 1884 தொடக்கத்தில் தேர்வானவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். லூசியானாவில் 1838இல் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, பாரிஸின் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் பயிற்சி பெற்றவர். பாஸ்டனில் அவர் கட்டிய டிரினிட்டி தேவாலயம் ஏற்கெனவே அவரை நாடறியச் செய்திருந்தது. தடித்த கற்சுவர், அரைவட்ட வளைவு, குட்டையான தூண் என்று பழைய ஐரோப்பிய ரோமனெஸ்க் பாணியிலிருந்து எடுத்துத் தமக்கென்று ஒரு மொழியை அவர் உண்டாக்கிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆளும் தம் கட்டடங்களைப் போலவே பாரியான உடம்புக்காரர். சிறுநீரக நோய் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் ஜோசப் பிரீஸ்ட்லி, ரிச்சர்ட்சனின் கொள்ளுத் தாத்தா. நல்ல காற்றுக்காக ஒரு கோபுரத்தையே எழுப்பியவருக்கு இப்படி ஒரு வம்சாவளி வாய்த்தது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மூச்சு விடும் கட்டடம்

ரிச்சர்ட்சனின் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் வெற்றிடம். நான்கு பக்கமும் கட்டடம் சூழ, நடுவே வானம் பார்த்த ஒரு முற்றம். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்சமும் காற்றும் இரண்டு பக்கமிருந்து வரும். தெருவின் இரைச்சல் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் வாதம் செய்யும்போது ஜன்னலுக்கு வெளியே குதிரை வண்டிகள் கருங்கல் பாவிய தெருவில் கடகடத்துப் போனால் என்ன கேட்கும்? அந்தக் காலத்து நீதிமன்றங்களில் அது ஒரு நிஜமான தொல்லை.

இரண்டாவது, கோபுரம். முகப்பின் நடுவில் ஏறத்தாழ 250 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது கவுண்டியின் கம்பீரம். உள்ளே அது ஒரு மூக்கு. புகை நகரத்தின் தாழ்வான பகுதியில் போர்வைபோல் படிந்து கிடக்கும். மேலே போகப் போகக் காற்று தெளியும். எனவே கோபுரத்தின் உச்சியில் திறப்புகள் வைத்து, அங்கிருந்து காற்றை உள்ளிழுத்து, அடித்தளத்துக்குக் கொண்டுவந்து, அறைகளுக்குப் பிரித்தனுப்புவது திட்டம். புழங்கிய காற்று வெளியேறுவதற்குப் பின்புறத்தில் இரண்டு சிறிய கோபுரங்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் இரண்டு விட, கட்டடமே மூச்சு வாங்கும். கோபுரம் அழகுக்கு வைத்தது, குழாய் தேவைக்கு வைத்தது என்று பிரித்துக் கட்டுவதுதான் வழக்கம். ரிச்சர்ட்சன் இரண்டையும் ஒரே கல்லில் முடித்தார். இந்தக் கட்டடத்தில் ஆகச் சிறந்த யோசனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, கல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் வெட்டிய இளஞ்சிவப்புக் கருங்கல்லைப் பல நூறு மைல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ‘இளஞ்சிவப்புக் கருங்கல்’ என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தமிழில் கிரானைட்டுக்கு நமக்கு வாய்த்த சொல் அப்படி. பிட்ஸ்பர்க் புகை அந்தக் கல்லின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்து அதைக் கறுப்பாக்கி, நம் சொல்லை மெய்யாக்கிவிட்டது. ஆனால் கறுத்ததோடு சரி. மணற்கல்லைப்போல் உரியவில்லை. கல்லின் முகத்தை இழைத்து மினுக்காமல், பாறையிலிருந்து பெயர்த்த கரட்டுத்தனத்தோடு விட்டதும் யோசித்துச் செய்த வேலைதான். வழவழப்பான வெள்ளைச் சுவரில் கரி படிந்தால் அசிங்கம். கரடுமுரடான சுவரில் படிந்தால் நிழலைப்போல் இருக்கும். புடைப்புகளின் மேல்முகம் மழையில் கழுவப்பட்டு வெளுக்க, இடுக்குகளில் கரி தங்க, கல் மேலும் திரண்டு தெரியும்.

கட்டும் பொறுப்பை நார்கிராஸ் சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 22.5 லட்சம் டாலர். ரிச்சர்ட்சன் வரைய, நார்கிராஸ் கட்ட என்று ஏற்கெனவே பல வேலைகளில் பழகிய கூட்டு அது.

தெருவுக்கு மறுபுறம்

நீதிமன்றத்துக்குப் பின்னால் ராஸ் தெரு. அதைத் தாண்டினால் சிறை. அதுவும் ரிச்சர்ட்சன் கட்டியதுதான். நீதிமன்றத்துக்கு முன்பே, 1886இல் முடிந்தது. நடுவில் எண்கோணக் கூடம், அதிலிருந்து கைகளைப்போல் நீளும் கொட்டடி வரிசைகள், எல்லாவற்றையும் சுற்றி உயர்ந்த மதில். கூடத்தின் நடுவில் ஒரு காவலர் நின்றால் ஒவ்வொரு கையும் கண்ணுக்குள் வந்துவிடும்.

இந்த மதிலை நிதானமாகப் பார்க்க வேண்டும். சிற்பம் கிடையாது, கொடி கிடையாது, இலை கிடையாது. பெரிய பெரிய பாளங்களாக அடுக்கிய கல், அவ்வளவுதான். வாயில் வளைவுக்கு வருகிற இடத்தில் மட்டும் கற்கள் திடீரென்று நீள்கின்றன. வளைவில் ஆப்புபோல் இறங்கும் ஒவ்வொரு கல்லும் ஆளை விழுங்கும் நீளம். விரித்த பனையோலை விசிறியின் மட்டைகளைப்போல் வாயிலைச் சுற்றிப் பரவி நிற்கின்றன. அவ்வளவு பெரிய கல் அந்த வாயிலைத் தாங்கத் தேவையே இல்லை. உள்ளே போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடுகிறது. நீதிமன்றத்தைப் புகழ்கிற பலர், மனத்துக்குள் சிறை மதிலைத்தான் ஒரு படி மேலே வைப்பார்கள். நானும் அந்தக் கட்சி.

சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே, ராஸ் தெருவுக்கு மேலே, மூடிய கற்பாலம் ஒன்று வளைந்து நிற்கிறது. வெனிஸ் நகரில் அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலத்தின் நினைவில் கட்டியது; பெயரும் அதேதான். கைதியைத் தெருவில் இறக்காமல் கொட்டடியிலிருந்து கூண்டுக்குக் கொண்டுபோக இதைவிடப் பத்திரமான வழி இல்லை. தீர்ப்பு சொல்லி முடிந்ததும் திரும்பி வரவும் அதே பாலம்தான். கீழே வண்டிகள் போய்க்கொண்டிருக்க, சிறு ஜன்னல் வழியே ஒரு கீற்று வெளிச்சத்தோடு நடந்துபோன ஆட்கள் எத்தனை பேரோ.

இத்தனை கல்லையும் மீறிச் சிறையிலிருந்து தப்பியவர்கள் உண்டு. மளிகைக் கடைக்காரர் ஒருவரைக் கொன்ற வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று இருந்தவர்கள் எட் பிடில், ஜாக் பிடில் என்ற சகோதரர்கள். சிறை அதிகாரியின் மனைவி கேட் சோஃபல், கைதிகளுக்கு பைபிள் வாசித்துக் காட்டப் போகிற வழக்கம் உள்ளவர். நான்கு பிள்ளைகளின் தாய். அவர் எட் மேல் மனம் வைத்துவிட்டார். ரம்பமும் துப்பாக்கியும் கொட்டடிக்குள் போயின. 1902 ஜனவரி 30ஆம் தேதி விடிவதற்குள் மூவரும் வெளியே இருந்தார்கள். பனியில் சறுக்குவண்டியில் வடக்கே பட்லர் ஊர்ப்பக்கம் ஓடியவர்களை மறுநாளே காவலர்கள் மடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்ட சகோதரர்கள் இருவரும் இறந்தார்கள். கேட் பிழைத்து, தண்டனை அனுபவித்தார். கட்டடக் கலைப் பார்வையில் இந்தக் கதைக்கு ஒரே ஒரு குறிப்புதான்: அதிகாரியின் வீடும் அதே சிறை வளாகத்துக்குள், அதே கருங்கல்லில் கட்டப்பட்டிருந்தது. மதில் வெளியாளைத் தடுக்கும். வீட்டாளை எப்படித் தடுக்கும்?

பார்க்காமல் போனவர்

ரிச்சர்ட்சன் நீதிமன்றம் முடிந்து பார்க்கவில்லை. 1886 ஏப்ரல் 27ஆம் தேதி, 47 வயதில், இறந்துபோனார். சாகும் தறுவாயில் அவர் மனத்தில் இருந்தவை இரண்டு கட்டடங்கள்: இந்த நீதிமன்றம், சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு நிறுவனத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த மொத்த வியாபாரக் கடை. இந்த இரண்டையும் வைத்துத்தான் தம்மை எடைபோட வேண்டும் என்று அவர் விரும்பினார். அவரிடம் தொழில் பழகிய ஷெப்ளி, ரூட்டன், கூலிட்ஜ் ஆகியோர் மிச்ச வேலையை அவர் வரைந்தபடியே முடித்தார்கள். 1888இல், கவுண்டி உருவாகி நூறு ஆண்டு நிறைந்த அதே ஆண்டில், நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதன் பிறகு கனடாவின் டொரண்டோவிலும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் எழுந்த நகர மன்றக் கட்டடங்களில் இதன் சாயலை யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

திறந்த நான்காம் ஆண்டில் ஒரு பெரிய வழக்கு வந்தது. 1892 கோடையில் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, சாவு. ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹென்றி கிளே ஃபிரிக். அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளம் அரசின்மைவாதி ஜூலை 23ஆம் தேதி ஃபிரிக்கின் அலுவலகத்துக்குள் புகுந்து அவரைச் சுட்டார், குத்தினார். ஃபிரிக் பிழைத்தார். செப்டம்பரில் நடந்த விசாரணையில் பெர்க்மன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தம் வாக்குமூலத்தை ஜெர்மன் மொழியில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் தடுமாற, அதை முடிக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். ஒரே நாளில் வழக்கு முடிந்தது. தண்டனை 22 ஆண்டு.

அந்த ஃபிரிக், பத்தாண்டு கழித்து நீதிமன்றத்துக்கு நேர் எதிரே தம் பெயரில் ஒரு மாடிக்கட்டடம் எழுப்பினார். டேனியல் பர்னம் வரைந்தது, இருபது மாடி, உயரம் 330 அடி. பக்கத்தில் இருந்த, தம் பழைய தொழில் கூட்டாளி ஆண்ட்ரூ கார்னகியின் கட்டடத்தை நிழலில் போடுவதுதான் ஃபிரிக்கின் நோக்கம் என்பார்கள். இருவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு கோடீஸ்வரர்களின் சண்டையில் நிழல் நீதிமன்றத்தின் மேலும் விழுந்தது. நகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்து மூச்சு வாங்கவென்று கட்டிய கோபுரம், திடீரென்று தெருவின் எதிர்வாடைக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கும் நிலைக்கு வந்தது.

தரை போட்ட வழக்கு

அதுவாவது பக்கத்து வீட்டுக்காரன் செய்த வேலை. அடுத்தது நகரமே செய்தது. கிராண்ட் குன்றின் மேடு போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற புகார் பிட்ஸ்பர்க்கில் வெகு பழையது. அதற்குத் திமில் என்றே பட்டப்பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு முறை வெட்டிப் பார்த்தார்கள். 1912இல் தொடங்கிய வெட்டு கடைசி வெட்டு. சில இடங்களில் ஏறத்தாழ 16 அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிகளுக்குச் சுகம். தெருவோரக் கட்டடங்கள் எல்லாம் வேர் தெரிய நின்றன. ஃபிரிக் கட்டடத்தின் அடித்தளமே நுழைவுத் தளம் ஆயிற்று.

நீதிமன்றத்துக்கு என்ன ஆயிற்று? மண்ணுக்குள் இருக்க வேண்டிய அடித்தளச் சுவர் வெளியே தெரிந்தது. வாசல் அந்தரத்தில் நின்றது. முதலில் அதற்கு ஒரு பெரிய படிக்கட்டு போட்டார்கள். 1920களில் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள், படிக்கட்டு போயிற்று. கடைசியில் ஸ்டான்லி ரவுஷ் என்ற கட்டடக் கலைஞர் 1928 வாக்கில் வாசலைக் கீழ்நோக்கி நீட்டி, நிலவறை மட்டத்தைத் திறந்து, அதையே முன்கூடமாக்கினார்.

ரவுஷைத் திட்டுவது எளிது; பலர் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவும் வாசலும் ஒரு மாடி உயரம் விலகிய பிறகு யார் வந்தாலும் படிக்கட்டு போடுவது, வாசலைக் கீழே இறக்குவது என்ற இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அவர் ரிச்சர்ட்சனின் வளைவுகளின் சாயலைக் கீழேயும் கொண்டுவர முயன்றார். ஆனாலும் இழப்பு இழப்புதான். ரிச்சர்ட்சனின் அழகு பெரும்பாலும் விகிதத்தில் இருந்தது. அவருடைய வாசல் வளைவுகள் தரையை ஒட்டிப் பதுங்கிக் கிளம்புகிறவை. அந்தத் தாழ்வில்தான் அவற்றின் பலம். அவற்றுக்குக் கீழே ஒரு மாடியைச் செருகிய பிறகு, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே போனாலும் அதே கதை. ரிச்சர்ட்சனின் பெரிய படிக்கட்டு கல் வளைவுகளுக்கு இடையே மேலேறுகிறது. ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு தெரியும், அதற்கு அப்பால் முற்றத்தின் வெளிச்சம். வாசலைத் தாண்டிய உடனே கண்ணில் பட வேண்டிய காட்சி அது. இப்போது தாழ்ந்த முன்கூடத்தில் சோதனைக்கு நின்று, ஒரு மாடி ஏறிய பிறகுதான் அது கிடைக்கிறது.

புகையின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1940களில்கூட நடுப்பகலில் தெருவிளக்கு எரிய வேண்டிய நாட்கள் பிட்ஸ்பர்க்கில் இருந்தன. 1941இல் நகரம் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. போர் குறுக்கிட்டதால் 1946இல்தான் நடைமுறைக்கு வந்தது. வானம் மெல்ல வெளுத்தது. கட்டடத்தின் எதிரி கண் முன்னாலேயே ஊரைக் காலி செய்துகொண்டு போனான்.

முகப்பு இவ்வளவு அடிபட்டும் கட்டடம் பெரிய கட்டடமாகவே மிஞ்சியதற்கு முற்றம்தான் காரணம் என்பது என் கணிப்பு. தெருவை வெட்டியவர்கள் அங்கே கை வைக்கவில்லை. அதன் மண் மட்டம் இறங்கவில்லை. அடுக்கடுக்கான வளைவுகளும் செங்குத்தான கூரையும், கூரைக்கு மேலே கோபுரமும், ரிச்சர்ட்சன் நினைத்த விகிதத்திலேயே இன்றும் அங்கிருந்து தெரிகின்றன. வெளியே கரடுமுரடாக முறைக்கிற கட்டடம் உள்ளே ஜன்னல் ஜன்னலாகத் திறந்து, லேசாகி நிற்கிறது. இந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கிராண்ட் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம்.

முற்றத்துக்கும் ஒரு கெட்ட காலம் இருந்தது. 1970கள் வரை அதில் கார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கார்களை அகற்றி, நடுவில் நீரூற்று வைத்து, உட்கார இடம் செய்தார்கள். 1976இல் நீதிமன்றமும் சிறையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சிறை 1995இல் மூடப்பட்டது. கைதிகள் ஆற்றங்கரையில் கட்டிய புதிய சிறைக்குப் போனார்கள். பழைய சிறையின் உட்புறத்தை மாற்றியமைத்து 2000இல் குடும்ப நீதிமன்றமாக்கினார்கள். கொட்டடி வரிசையில் ஒரு துண்டை மட்டும் பழையபடியே விட்டுவைத்திருக்கிறார்கள். விவாகரத்துக்கும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் வருகிறவர்கள் இப்போது அந்த விசிறி வளைவுகளைப் பார்த்தபடி போகிறார்கள்.

ரிச்சர்ட்சன் தம்மை எடைபோடச் சொன்ன இரண்டில் மற்றொன்றான சிகாகோ கடையை 1930இல் இடித்தார்கள். அந்த இடத்திலும் கார்களைத்தான் நிறுத்தினார்கள். பிட்ஸ்பர்க்கில் கார்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மதிய இடைவேளையில் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.